வாகீசன் வீட்டுக் கேற்

காலை எட்டு மணிக்குக் கேற்றைத் திறந்துவிடுவதாக வீட்டுக்காரன் வாகீசன் ரொறன்ரோவிலிருந்து முதல் நாளே சொல்லியிருந்தான். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இராசமலர் ஏழரைக்கே வெளிக்கிட்டு நின்றாள். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் பொலித்தீன் உறையில் சுற்றிய சீதனக் காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல், இரண்டு துண்டு பாண். எட்டு மணிக்குக் கேற்றடிக்குப் போய் நின்றாள். எட்டு ஐந்துக்கும் நின்றாள். கேற் அசையவில்லை.

அன்றைக்குக் காணி விடுகிற நாள். தெல்லிப்பழைக்கு அங்கால், முப்பத்துச் சொச்ச வருஷமாக ஆமிக்காரரின் முட்கம்பிக்குள் கிடந்த நிலத்தில் ஒரு துண்டத்தைச் சொந்தக்காரருக்கு விடப்போவதாக அறிவித்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு நிலஅளவையாளர் வந்து கிழக்குப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு காணியாக எல்லை குறித்துக்கொண்டு போவார். உரியவர் உறுதியோடு அந்த இடத்தில் நிற்கவேண்டும். நிற்காதவரின் எல்லையைப் பக்கத்துக் காணிக்காரர் காட்டுவார்.

மலரின் பக்கத்துக் காணிக்காரர் முத்துக்குமாரு. இரண்டு காணிக்கும் நடுவில் ஒரு கிணறு, உறுதியில் ஆளுக்கு அரைப்பங்கு. மலரின் தகப்பன் உயிரோடு இருந்த காலத்திலேயே அந்தக் கிணற்றை முழுதாய்த் தன் பக்கம் இழுக்கப் பார்த்த மனிசன் அவர். செம்மண் காணியில் கிணறு இல்லாவிட்டால் அது பயிர் வைக்கிற காணியில்லை, ஆடு கட்டுகிற இடம்.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில்தான் தகப்பன் அந்தக் காணியை அவளுக்குச் சீதனமாக எழுதினார். எழுதினவராலும் போய்ப் பார்க்க முடியாது, வாங்கினவளாலும் முடியாது. "ஆமிக்காரன்ரை காணியையோ எங்களுக்குத் தாறியள்?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். கலியாணம் நடந்தது. பத்து வருஷத்தில் புருஷன் செத்துப்போனான். மகள் கட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்விட்டாள். காணி கம்பிக்குள் அப்படியே கிடந்தது.

எட்டுப் பத்துக்குப் போன் அடித்தது. வாகீசன்.

"மலரக்கா, என்ன செய்தனியள்? எனக்குக் கொம்பியூட்டருக்குள்ளை போகேலாமல் கிடக்கு."

"நானென்ன செய்தனான்? இஞ்சை கேற்றடியிலை நிக்கிறன். திறவுங்கோ தம்பி, நேரம் போகுது."

"திறக்கத்தான் பாக்கிறன். ரிமோட் வேலை செய்யேல்லை. ராத்திரி கொம்பியூட்டரிலை ஏதும் பெட்டி வந்ததோ?"

"ஓம். ஏழு மணி போலை. சிவப்பு."

"என்ன செய்தனியள்?"

"நீங்கள் சொன்னதைத்தான். இடப்பக்கம் அமத்தினனான்."



"அக்கா, அது நான்தானக்கா."

"எது?"

"அந்தச் சிவப்பு. நேற்றுப் புது ரிமோட் ஒண்டு மாத்திப் போட்டனான். வைரஸ்காட்டுக்கு அது ஆரெண்டு தெரியாமல் கேட்டிருக்கு. நீங்கள் என்னைத்தான் அடைச்சு வைச்சிருக்கிறியள்."

"நீங்கள்தான் எண்டு தமிழிலை எழுதியிருந்தால் நான் ஏன் அமத்துறன்?"

அவள் சொன்னதில் பிழையில்லை. அந்த வீட்டில் எல்லாம் கூடத்து மூலையில் இருந்த கொம்பியூட்டருக்குள்ளால்தான் போய் வந்தன. மதிலைச் சுற்றி ஒன்பது கமரா, கேற் மோட்டர், வெளி லைற், எல்லாம் அதோடு தொடுத்திருந்தது. வாகீசன் ரொறன்ரோவில் இருந்தபடி ரிமோட் என்கிற மென்பொருள் ஒன்றால் அந்தக் கொம்பியூட்டருக்குள் இறங்கி வீட்டை நடத்துவான். வாழைக்குத் தண்ணீர் விட்டாயிற்றா என்று பார்ப்பான். மலர் கூட்டிய முற்றத்தை மேலேயிருந்து பார்த்து, மூலையில் ஒரு சருகு கிடப்பதாகச் சொல்லுவான். அங்கே அவனுடைய சிநேகிதன் ஒருவனின் வீட்டுக் கமராவுக்குள் எவனோ புகுந்து, படுக்கையறையில் பிள்ளையோடு கதைத்தானாம். அதைக் கேட்ட நாளிலிருந்து வாகீசனுக்கு நித்திரையில்லை. காசு கொடுத்து வைரஸ்காட் என்கிற காவல் மென்பொருள் ஒன்று வாங்கிப் போட்டு, தனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேட்டால் அதைப் பூட்டினான். பிறகு மலருக்குப் பாடம் எடுத்தான். இங்கிலீசு வேண்டாம், நிறத்தைப் பாருங்கள். பச்சைப் பெட்டி வந்தால் தொடவேண்டாம். சிவப்புப் பெட்டி வந்தால் யோசியாமல் இடப்பக்கம் அமத்துங்கள். இரண்டு வருஷத்தில் அவள் பத்துப் பன்னிரண்டு தடவை அமத்தியிருக்கிறாள். ஒரு தடவையும் பிழைக்கவில்லை.

கேற்றுக்கு உள்பக்கச் சுவரில் முன்பு ஒரு சுவிற்ச் இருந்தது. மலருக்கு முதல் இருந்த ஆள் வாழைக்குலையை வெட்டி வெளியே விற்றுவிட்டான் என்று வாகீசன் அதைக் கழற்றி எடுத்துவிட்டான். கறண்ட் இல்லாத நேரம் கேற்றைக் கையால் திறக்கிற சாவி, கைத்திறப்பு, ஒன்று உண்டு. அது ரொறன்ரோவில் அவனுடைய மேசை லாச்சிக்குள் இருந்தது. ஏணியைக் கள்ளர் பாவிப்பார்கள் என்று அதையும் ஸ்ரோர் அறைக்குள் போட்டுப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்விட்டான். மலர் வெளியே போவதென்றால் முதல் நாள் கேட்கவேண்டும். அவன் அங்கிருந்து திறப்பான், அவள் வெளியே போனதும் மூடுவான். கடைக்குப் போய் வர முக்கால் மணித்தியாலம். சம்பளம் பிழையில்லை, ஏச்சுப் பேச்சும் இல்லை. முப்பது வருஷம் சல்லிக்கல்லும் கொங்கிறீற்றும் சுமந்து முதுகு விட்டுப்போன மனிசிக்கு வேறு எங்கே இப்படி வேலை கிடைக்கும்? அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

"நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ," என்றான் வாகீசன். "எனக்கு இஞ்சை இரவு பதினொரு மணிக்கு வேலை தொடங்குது. காரிலை இருந்துதான் கதைக்கிறன். பாண் பக்ரறிக்குள்ளை போனைக் கொண்டுபோக விடமாட்டாங்கள், லொக்கரிலை வைக்கவேணும். விடிய மூண்டு மணிக்குத்தான் பிறேக்."

"உங்கை மூண்டு மணியெண்டால் இஞ்சை?"

"மத்தியானம் பன்னிரண்டரை."

"அதுக்குள்ளை முத்துக்குமாரண்ணை என்ரை கிணத்திலை குளிச்சு முழுகி முடிஞ்சிடும்."

"இண்டைக்குப் போகாட்டிலும் பறவாயில்லைத்தானே அக்கா? எழுதினதைப் பிறகு மாத்தலாம்."

"உங்கடை மதிலை ஆரும் நாலடி உள்ளுக்குத் தள்ளிக் கட்டினால், பிறகு மாத்தலாம் எண்டு விடுவியளோ தம்பி?"

"ஜெயதீபனுக்கு அடியுங்கோ. அவன்தான் உதெல்லாம் பூட்டினவன், ஏதும் செய்வான். பாஸ்வேட்டை மட்டும் ஒருத்தருக்கும்..." என்று தொடங்கி, அங்கே யாரோ கூப்பிட, வைத்துவிட்டான். திருப்பி எடுத்தாள். போன் நின்றுவிட்டது.

ஜெயதீபன் யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருப்பவன். இணுவில் பக்கத்து வெளிநாட்டுக்காரர் வீடுகளுக்கெல்லாம் கமரா பொருத்திக் கொடுத்தவன். மூன்றாவது தடவைதான் போனை எடுத்தான். பின்னால் ஒரே வாகனச் சத்தம்.

"அக்கா, நான் கொழும்பிலை நிக்கிறன், சாமான் எடுக்க வந்தனான். நாளையிண்டைக்குத்தான் வருவன். ஆனா பயப்பிடாதேங்கோ, வீடியோக் கோல் எடுங்கோ. போனைக் கொம்பியூட்டருக்கு நேரை பிடியுங்கோ."

பிடித்தாள்.

"இன்னும் கிட்ட. ஓம். கீழை வலப்பக்க மூலையிலை கேடயம் மாதிரிச் சின்னனா ஒண்டு தெரியுதோ? அதை இரண்டு தரம் அமத்துங்கோ."

அமத்தினாள். வைரஸ்காட் திறந்தது. ஜெயதீபன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு இடமாக அமத்திக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு பட்டியல் வந்தது. பிடித்து அடைத்து வைத்ததெல்லாம் அதில் வரிசையாகக் கிடந்தன.

"மேலை முதலாவதாய்க் கிடக்கே, அதுதான் வாகீசண்ணை," என்றான் ஜெயதீபன்.

"மனிசன் நல்ல இடத்திலைதான் கிடக்கிறார். வெளியிலை எடு."

"பக்கத்திலை உள்ளதை அமத்துங்கோ."

பாஸ்வேட் கேட்டது. ஜெயதீபன் தான் முதலில் போட்டுக்கொடுத்த பாஸ்வேட்டைச் சொன்னான். மலர் எட்டாம் வகுப்பு வரை படித்த இங்கிலீசு எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தேடிக் குத்தினாள். பிழை என்றது.

"மாத்திப்போட்டார். சரி, அண்ணையின்ரை மூத்த பெடியன்ரை பேர் என்ன?"

"பிரவீணன்."

"பிறந்த வருஷம்?"

"நான் என்ன பிள்ளைப்பேறு பாத்தனானோ? போன ஆவணியிலை வரேக்கை பதினொரு வயசு எண்டு கதைச்சவை."

ஜெயதீபன் கணக்குப் பார்த்து ஒரு வருஷம் சொன்னான். அதுவும் பிழை. வீட்டுப் பேரைப் போட்டுப் பார்த்தார்கள். பிழை. மூன்று தடவை பிழைத்ததால் ஒரு மணித்தியாலத்துக்கு இனித் தொடமுடியாது என்று பெட்டி சொன்னது.

இதற்குள் ஞானாம்பிகை எடுத்தாள். ஊரில் மலருக்கு மற்றப் பக்கத்து வளவுக்காரி, இப்போது மருதனார்மடத்தில் வாடகைக்கு இருப்பவள். விடியவே காணிக்குப் போய்விட்டாள்.

"எடியே மலர், எங்கையடி நிக்கிறாய்? அவங்கள் தொடங்கிப்போட்டாங்கள். உன்ரை துண்டுக்கு முன்னாலை இன்னும் ஏழு துண்டுதான் கிடக்கு."

"கேற் திறபடேல்லையடி."

"என்ன கேற்?"

"வீட்டுக் கேற். நான் உள்ளுக்கை மாட்டுப்பட்டுப் போனன்."

"விசரி. ஏறிக் குதியன். இஞ்சை முத்துக்குமாரர் வேட்டி கட்டி, கொடிக்கயிறும் கையுமாய் மாப்பிள்ளை மாதிரி நிக்கிறார்."

மலர் மீண்டும் ஜெயதீபனுக்கு எடுத்தாள். அவன் வேறு ஒரு வழி சொன்னான். தன்னுடைய கடை ரிமோட்டை அவள் இறக்கிப் போட்டால், அவன் கொழும்பிலிருந்தே உள்ளே வந்து கேற்றைத் திறப்பான். இருபது நிமிஷம் எழுத்துக் குத்தி, அது இறங்கி முடிகிற நேரம் மறுபடி சிவப்புப் பெட்டி வந்தது. இந்த முறை வலப்பக்கம் அமத்தச் சொன்னான். அமத்தினாள். பாஸ்வேட் கேட்டது. இடப்பக்கம் அமத்தினால் அடைக்கிறது, வலப்பக்கம் அமத்தினால் பாஸ்வேட் கேட்கிறது. அந்தப் பெட்டிக்கு முன்னால் கதிரையில் இருந்தபடி அவள் தன் கையைப் பார்த்தாள். இதே கையால்தான் நேற்று ஏழு மணிக்கு, சீலையில் ஈரம் துடைத்துவிட்டு, பெரிய காரியம் செய்கிற மாதிரி அமத்தினாள்.

"அக்கா," என்றான் ஜெயதீபன் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "கடைசியாய் ஒரு வழி கிடக்கு. கொம்பியூட்டரை நிப்பாட்டி, வைரஸ்காட் எழும்பாத மாதிரித் திருப்பித் தொடக்கலாம். அப்ப அடைச்சதைக் கழட்டலாம். ஆனா ஒரு சிக்கல் வந்தால் கமரா எல்லாம் நிண்டிடும். அண்ணை சும்மா விடமாட்டார்."

"உன்னையோ என்னையோ?"

"உங்களைத்தான். எனக்கு அவரின்ரை ஆக்கள் முப்பது வீடு வேலை தந்திருக்கினம் அக்கா. நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன். என்னண்டு செய்யிறது எண்டு சொல்லு."

சொன்னான். செய்தாள். திரை கறுத்தது, பிறகு நீலமாக வந்தது. நீலத்தின் நடுவில் வெறும் கட்டங்கள். ஜெயதீபன் போனுக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"அய்யோ. இவர் டிஸ்க்கையும் பூட்டி வைச்சிருக்கிறார். நாப்பத்தெட்டு இலக்கம் கேக்குது."

"நாப்பத்தெட்டோ?"

"அண்ணையின்ரை மெயிலிலைதான் கிடக்கும். அது இல்லாமல் இனி இது எழும்பாது."

மலர் போனை வைத்தாள். முற்றத்துக்கு வந்தாள். கேற் மோட்டரில் எப்போதும் எரிகிற சின்னப் பச்சை வெளிச்சம் அணைந்திருந்தது. மதில் மூலைகளில் இருந்த கமராக் கண்களும் செத்துப்போயிருந்தன. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முற்றத்தில் அவளை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காததால் ஒரு பிரயோசனமும் இல்லை. கேற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரும்பு. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். மோட்டர்ப் பல்லு பிடித்த பிடி விடவில்லை.

"ஆரும் நிக்கிறியளோ?" என்று கத்தினாள். இடப்பக்க வீடு நோர்வேக்காரருடையது, பூட்டு. வலப்பக்க வீடு லண்டன்காரருடையது, அதுவும் பூட்டு. எதிரில் வெறும் மதில். லண்டன்காரர் வீட்டு நாய் மட்டும் குரைத்தது. அதற்கு இரண்டு நாளுக்கு ஒருக்கால் ஒருவன் வந்து சாப்பாடு போடுவான். இன்றைக்கு அவன் வருகிற நாளில்லை.

நேரம் பத்தே முக்கால். ஞானாம்பிகை மறுபடி எடுத்தாள். "நாலு துண்டு," என்றாள்.

வீட்டின் பின்னால், கட்டி மிஞ்சின சீமெந்துக்கல் ஒரு அடுக்குக் கிடந்தது. மலர் சீலையை உயர்த்திச் செருகினாள். கல் ஒன்று பதினைந்து கிலோவுக்குக் குறையாது. முன்பு ஒரு நாளைக்கு இருநூறு தூக்கியவள். இப்போது முதல் கல்லுக்கே நாரி எலும்பு விண்ணென்று வலித்தது. ஒரு தரத்துக்கு ஒன்றாக முன்மதிலடிக்குக் கொண்டுவந்தாள். அடியில் ஆறு, அதற்கு மேல் நாலு, பிறகு இரண்டு. மூட்டு மாற்றி அடுக்கினாள், இல்லாவிட்டால் சரியும் என்று அவளுக்குத் தெரியும். எட்டடி மதில். நிமிர்த்தி வைத்த கல்லு நாலடிக்கு வந்தது. அதற்கு மேல் சமையலறையில் குந்துகிற மர வாங்கைத் தூக்கி வைத்தாள். மதிலின் உச்சியில் உடைந்த போத்தல் கண்ணாடி நட்டிருந்தது. உரச்சாக்கு ஐந்தை மடித்து அதற்கு மேல் போட்டாள். வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினாள். உறுதியைப் பையிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் வைத்தாள். பை விழுந்தால் விழட்டும்.

ஏறினாள். கண்ணாடி சாக்கைத் தாண்டி வந்து உள்ளங்கையைக் கிழித்தது. காலை மாற்றிப் போட்டு, மதிலைப் பிடித்துத் தொங்கி, கண்ணை மூடிக் கொண்டு கையை விட்டாள். இடது கணுக்கால் மடங்கியது. வெளிப்பக்கம் ஒழுங்கைப் பாதை மண்ணில் அப்படியே இருந்துவிட்டாள்.

ஒரு ஓட்டோ வந்து நின்றது. ஓட்டுகிறவன் எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, களவெடுத்துக்கொண்டு குதிக்கிறியளோ?"

"ஓம். பைக்குள்ளை இரண்டு துண்டுப் பாண் கிடக்கு, வேணுமெண்டால் பார். என்னைத் தெல்லிப்பழைக்கு அங்காலை காணி விடுற இடத்திலை கொண்டுபோய் விடு."

"கையாலை இரத்தம் வழியுது."

"அது வழியும். நீ ஓட்டு."

காணிக்குப் போகிற பாதையில் கம்பிவேலி சுருட்டி ஒதுக்கியிருந்தது. வாசலில் நின்ற ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், போகச் சொன்னான். மலர் நொண்டிக் கொண்டு போனாள். வீடு இருந்த இடம் ஒன்றும் தெரியவில்லை. ஆளுயரத்துக்கு ஈச்சம்பற்றையும் நாயுண்ணியும். நடுவால் புல்டோசர் வெட்டின தடம். வெயில் மண்டையைப் பிளந்தது. தூரத்தில் பத்துப் பதினைந்து பேர் ஒரு இடத்தில் கூடி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் வட்டமாய் ஒரு கல்லுக்கட்டு. அது தன் கிணறு என்று கிட்டப் போகமுன்னமே தெரிந்துவிட்டது. பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

கிணற்றுக்கு இந்தப் பக்கம், அவளுடைய காணிக்குள் எட்டடி தள்ளி, புது மரமுளை ஒன்று அடித்திருந்தது.

"வந்திட்டாள்," என்றாள் ஞானாம்பிகை. "நான் சொன்னனான்தானே வருவாளெண்டு. நான் கத்தக் கத்த முளை அடிக்கிறாங்களடி. உனக்கு இந்தத் துண்டுக்கு உறுதி இல்லாட்டிக் கதையாதை எண்டு என்னைப் பேசுறாங்கள்."

முத்துக்குமாரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றார். எழுபது வயசு, எலும்பும் தோலும், ஆனால் வேட்டி வெள்ளை வெளேரென்றிருந்தது.

"என்ன பிள்ளை, காலிலை?"

"குதிச்சனான். அண்ணை, முளை ஏன் இஞ்சை வந்தது?"

"பழைய வேலி இதாலைதானே போனது. கொப்பருக்கே தெரியும்."

"அப்பரைக் கூப்பிட்டுத்தான் கேக்கவேணும்." மலர் குனிந்து இரண்டு கையாலும் முளையைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கி எடுத்தாள். முளையில் இரத்தம் ஒட்டியது.

"அம்மா, அம்மா!" என்று நிலஅளவையாளர் ஓடிவந்தார். இளம் ஆள், தொப்பி போட்டிருந்தார், வேர்த்து ஒழுகியது. "அதைத் தொடக்கூடாது."

மலர் சட்டைக்குள்ளிருந்து உறுதியை எடுத்து நீட்டினாள். அவர் வாசித்தார். கிணற்றில் அரைப்பங்கு என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றது. முத்துக்குமாருவின் உறுதியையும் வாங்கி வாசித்தார். அதிலும் அரைப்பங்குதான்.

"ஐயா, இதிலையும் அரைதானே கிடக்கு."

"பங்கு அரை," என்றார் முத்துக்குமாரு. "எல்லை எதாலை எண்டு அதிலை இல்லை. கிணறு என்ரை பக்கம். தண்ணி இரண்டு பேருக்கும்."

"என்ரை பக்கத்திலை அடிச்சுப்போட்டு எனக்குத் தண்ணி தாறாராம்," என்றாள் மலர்.

நிலஅளவையாளர் நேரத்தைப் பார்த்தார். "இஞ்சை பாருங்கோ. நான் நீதவான் இல்லை. இரண்டு பேரும் இணங்கினால் முளை அடிப்பன், மூண்டு மணிக்குக் கல்லு நடுவம். இணங்காட்டிப் பிணக்கு எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவன். பிணக்கு எழுதின துண்டுகள் இப்ப விடுபடாது. கம்பியைத் திருப்பி இழுத்திடுவாங்கள். பிறகு வழக்குத்தான்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அது எனக்குத் தெரியாதம்மா. பத்து நிமிஷம் தாறன்."

அவர் அடுத்த காணிப் பக்கம் போனார். மலர் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பாசியும் குப்பையும், ஆழத்தில் ஒரு துண்டு வெளிச்சம். தண்ணீர் இருந்தது. சண்டை பிடித்தால் நியாயம் அவள் பக்கம். ஆனால் நியாயத்தோடு கம்பிக்கு வெளியே நிற்கவேண்டும். அவளுக்கு ஐம்பது வயசு. முத்துக்குமாருவுக்கு எழுபது. அவர் ஏன் அசையாமல் நிற்கிறார் என்று யோசித்தாள். இவளுக்கு அவசரம் என்று நினைக்கிறார். அவருக்கு இல்லையா?

"அண்ணை, இன்னொரு பத்து வருஷம் கம்பிக்கு வெளியிலை காவல் இருப்பியளோ?"

அவர் கயிற்று நுனியை முடிச்சுப் போட்டார்.

"வழக்கு முடியேக்கை உங்களை ஆர் தூக்கிக்கொண்டு வந்து காட்டுறது? பெடியங்கள் எல்லாம் பிரான்சிலை."

"அதுக்காகக் கிணத்தை விடச் சொல்லுறியோ?"

"விடவேண்டாம். எல்லை கிணத்துக்கு நடுவாலை போகட்டும். தெற்கு மூலையிலை பாதைக்கு இறங்கிற இடத்திலை நான் பத்தடி விடுறன். உங்களுக்கு வண்டில் வந்து திரும்ப இடமில்லை எண்டு அப்பரோடை வருஷம் வருஷமாய்ச் சண்டை பிடிச்சனியள். அதை எடுங்கோ."

"பத்தோ?"

"பத்து. ஞானாம்பிகை சாட்சி."

"பன்னிரண்டு தா."

"எடி, அளக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வா," என்றாள் மலர். "பிணக்கு எண்டு எழுதட்டும்."

"சரி, சரி. பத்து," என்றார் முத்துக்குமாரு.

பத்தடி அவளுடைய காணி. உறுதியில் உள்ளது, தகப்பன் தந்தது. கயிறு பிடித்து முளை அடித்தபோது அந்த மூலையை அவள் பார்க்கவில்லை. கிணற்றுக் கட்டின் நடுவில் நிலஅளவையாளர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். கல்லு மூன்று மணிக்கு வரும் என்றுவிட்டு அவர் மேற்குப் பக்கம் நடந்தார்.

அப்போது போன் அடித்தது. பன்னிரண்டு முப்பத்திரண்டு.

"அக்கா!" வாகீசனின் குரல் மெசின் இரைச்சலுக்குள்ளால் வந்தது. "கமரா ஒண்டும் தெரியேல்லை. வீடு கிடக்கோ?"

"கிடக்கு."

"நீங்கள் எங்கை?"

"காணியிலை."

"என்னண்டு? கேற் திறபட்டதோ?"

"இல்லை. மதிலாலை வந்தனான்."

"எட்டடி மதிலக்கா அது!"

"நல்ல மதில்தான் தம்பி. கண்ணாடி நல்லாய் வெட்டுது."

அவன் ஜெயதீபனோடு கதைத்துவிட்டுத்தான் எடுத்திருந்தான். அந்த நாற்பத்தெட்டு இலக்கமும் தன்னுடைய மெயிலில் இருக்கிறது, வாசிக்கலாம், ஆனால் கொம்பியூட்டருக்கு முன்னால் ஓர் ஆள் இருந்து அதைக் குத்தவேண்டும் என்றான். ஆள் உள்ளே போவதென்றால் கேற் திறக்கவேண்டும். கேற் திறப்பதென்றால் கொம்பியூட்டர் எழும்பவேண்டும். சொல்லிக்கொண்டு போகப் போக அவனுடைய குரல் மெலிந்தது. கடைசியில் அழுகிற மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, நீங்கள் வந்த மாதிரியே திரும்ப ஏறி உள்ளுக்கை போங்கோவன். வீடு திறந்த வீடு மாதிரிக் கிடக்கு. எனக்கு இஞ்சை வேலை ஓடாது."

"ஏறலாம். ஏணி ஒண்டு ஆரிட்டையும் வாங்கலாம். ஆனா கேற்றின்ரை கைத்திறப்பு என்ரை கையிலை இருக்கவேணும்."

"அது இஞ்சை கிடக்கே."

"ஆரும் வாற ஆளிட்டைக் குடுத்து விடுங்கோ. அது வந்து சேருமட்டும் கேற் திறந்தபடி கிடக்கும். பூட்டினியளெண்டால் நான் அதுக்குள்ளை படுக்கமாட்டன்."

"திறந்தபடியோ? அக்கா, கள்ளர்..."

"அப்ப நீங்களே வந்து ஏறுங்கோ."

அங்கே ஒரு மணி அடித்தது. பிறேக் முடிந்த மணி. "சரியக்கா, சரி," என்றான் அவசரமாக. "சரியெண்டுதான் சொல்லுறன். நான் இனி இஞ்சை காலமை ஏழுக்குத்தான், உங்கை பின்னேரம் நாலரைக்குத்தான் எடுப்பன். அதுக்குள்ளை போயிடுவியள்தானே? இப்பவே வெளிக்கிடுங்கோ."

மலர் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் நிழல் தேடிப் போய்விட்டார்கள். முத்துக்குமாரு மட்டும் போகவில்லை. புது முளைக்கு ஓரடி தள்ளி, சால்வையை விரித்து, வெறும் வெயிலில் இருந்தார். வெற்றிலையை எடுத்து மடித்தார். கல்லு வர இன்னும் இரண்டரை மணித்தியாலம்; அதுவரைக்கும் முளை மரமுளைதான். பிடுங்கினால் ஒரு கிழவனின் கைக்கும் அது வரும்.

"இப்ப வரேலாது தம்பி," என்றாள்.

"ஏன்?"

"இஞ்சை ஒராள் எழும்பவேணும்."

போனை வைத்தாள். வீங்கின காலை நீட்டி, முளைக்கு மறுபக்கத்தில் மண்ணில் இருந்தாள். பாண் துண்டு ஒன்றை எடுத்தாள். மற்றதை முத்துக்குமாருவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் முளையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.